நகத்துக்குள் கட்டிய ரத்தம்

கொச்சிக்குப் பக்கத்தில் இடப்பள்ளி இருக்கிறது. அங்கே இரண்டு பெரிய சாலைகள் கூடுகின்றன. ஒன்று சேலம், கோவை, பாலக்காடு வழியாக வருகிறது. இன்னொன்று மும்பைப் பக்கத்திலிருந்து கடலோரமாக வந்து கன்னியாகுமரிக்குப் போகிறது. தமிழ்நாட்டு லாரிகள் இரவும் பகலும் இடப்பள்ளிக்கு வருகின்றன. அங்கிருந்து சில லாரிகள் மட்டாஞ்சேரி பஜாருக்குப் போகும். சில வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகும்.

லாரியில் வருவது அரிசி, காய்கறி, சிமெண்டு. திரும்பிப் போவது மிளகு, சுக்கு, இன்னும் பல சரக்கு. ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் கையால்தான். கை இருக்கும் இடத்தில் நசுங்கலும் இருக்கும். லாரியின் பின்கதவு விரலில் விழும். கிடங்கின் இரும்பு ஷட்டர் விழும். மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் விரல் மாட்டும். ஃபோர்ட் கொச்சியில் தோபி கானா இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கிறார்கள். கனமான இஸ்திரிப் பெட்டி கை நழுவினால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு லாரி வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளீனர் பையனுக்கு 20 வயது. பின்கதவின் கொண்டியைத் தட்டிவிட்டான். கதவு சட்டென்று விழுந்தது. நடுவிரல் நுனி மாட்டிக்கொண்டது. தோல் கிழியவில்லை. ரத்தம் வெளியே வரவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் நகம் கருநீலமாக மாறியது. விரல் விண்விண் என்று தெறித்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை.

"அண்ணே, தாங்க முடியலண்ணே. கையைத் தொங்கப்போட்டா உயிர் போவுது."

"நம்ம ஊர்ல ஊக்கைக் காய்ச்சி நகத்துல வைப்பாங்க தம்பி. கறுப்பு ரத்தம் குபுக்குனு வந்துரும். வலியும் போயிரும்."

"வேணாண்ணே. பயமா இருக்கு."

டிரைவர் சொன்னதில் பாதி சரி. பாதி ஆபத்து. எது சரி, எது ஆபத்து? பார்ப்போம்.

ஏன் இவ்வளவு வலி?

உங்கள் விரல் நுனியைப் பாருங்கள். மேலே நகம். அது கெட்டியானது. நகத்துக்கு அடியில் மெல்லிய சதை இருக்கிறது. அந்தச் சதையில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் நிறைய உண்டு. அதற்கும் அடியில் எலும்பு. அதுவும் கெட்டியானது.

நசுங்கும்போது நடுவில் இருக்கும் சதை கிழிகிறது. ரத்தம் கசிகிறது. காலிலோ தொடையிலோ அடிபட்டால் ரத்தம் பரவ இடம் உண்டு. தோல் வீங்கிக் கொடுக்கும். விரல் நுனியில் அப்படி இல்லை. மேலே நகம் விடாது. கீழே எலும்பு விடாது. கசிந்த ரத்தம் நடுவில் மாட்டிக்கொள்கிறது. சதையை அழுத்துகிறது. விரல் நுனியில் நரம்புகளும் அதிகம். பார்க்காமலே தொட்டு, இது பட்டா, கோணியா என்று சொல்லிவிடுகிறோமே, அது அந்த நரம்புகளால்தான். அதனால்தான் வலியும் அங்கே அதிகம். இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் கூடும். அதுதான் அந்த விண்விண். கையைத் தொங்கவிட்டால் ரத்தம் கீழே இறங்கும். வலி ஏறும். தூக்கிப் பிடித்தால் கொஞ்சம் குறையும்.

ஆகவே வலிக்குக் காரணம் பெரும்பாலும் அந்த அழுத்தம். அழுத்தத்தை எடுத்தால் வலி போகும். டிரைவர் சொன்னதில் சரியான பாதி இதுதான்.

அடிபட்ட உடனே

முதலில் மோதிரத்தைக் கழற்றுங்கள். இது முக்கியம். வீக்கம் வந்த பிறகு மோதிரம் கழலாது. விரலை இறுக்கிவிடும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் சோப்போ எண்ணெயோ தடவிச் சுழற்றிச் சுழற்றி எடுங்கள்.

பிறகு கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். படுக்கும்போது தலையணை மேல் வைக்கலாம்.

ஐஸ் வைக்கலாம். கொச்சியில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. தோப்பும்படி மீன் துறைமுகத்தில் டன் கணக்கில் கிடைக்கும். ஆனால் மீனுக்குப் போடும் ஐஸ் சுத்தமானது இல்லை. எந்த ஐஸாக இருந்தாலும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். மேலே துணி சுற்றுங்கள். 10 அல்லது 15 நிமிடம் வையுங்கள். எடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வையுங்கள். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் கெட்டுப்போகும்.

தோல் கிழிந்திருந்தால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு நிமிடமும் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணி, டீசல் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ரத்தம் நிற்பதுபோலத் தெரியும். ஆனால் அழுக்கு உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். விரலைக் கயிற்றாலோ ரப்பர் பேண்டாலோ இறுக்கிக் கட்டுவதும் கூடாது. நுனிக்கு ரத்தம் போகாமல் விரலே கறுத்துவிடும்.

வலிக்குப் பாரசிட்டமால் மாத்திரை போதும். ஆஸ்பிரின் வேண்டாம். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

துளை யாருக்கு, எப்போது?

நகத்தில் கறுப்பு வந்த எல்லாருக்கும் துளை தேவையில்லை. கறுப்பு சின்னதாக இருக்கிறது, வலி தாங்கும்படி இருக்கிறது என்றால் சும்மா விடலாம். சில நாளில் வலி தானே அடங்கும். கறுப்பு மட்டும் மெதுவாக நகத்தோடு வளர்ந்து போகும்.

வலி தாங்க முடியவில்லை, தூங்க முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எப்போது? அன்றைக்கே. முடியாவிட்டால் அடுத்த நாள். ஒன்றிரண்டு நாளுக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். அதற்குப் பிறகு துளை போட்டாலும் வெளியே வராது. அதற்குள் வலியும் பெரும்பாலும் குறைந்திருக்கும். வாரம் கழித்துப் போய் "துளை போடுங்கள்" என்று கேட்பதில் பயனில்லை.

டாக்டர் என்ன செய்வார்? முதலில் விரலைப் பார்ப்பார். நுனியை நீட்டச் சொல்வார், மடக்கச் சொல்வார். தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்பார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம். பலமான அடியில் நுனி எலும்பும் உடைந்திருக்கலாம். அது வெளியே தெரியாது.

பிறகு நகத்தை மருந்து போட்டுச் சுத்தம் செய்வார். நகச்சாயம் இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். சூடான கருவி பட்டால் அது தீப்பிடிக்கும். செயற்கை நகம் ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். பெண்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

துளை போட இரண்டு வழி உண்டு. ஒன்று, சூடேறும் மெல்லிய கருவி. இன்னொன்று, ஊசி. ஊசியை விரலிடையில் உருட்டி உருட்டித் துளைப்பார்கள். நகம் உயிரில்லாதது. நகம் வெட்டும்போது வலிக்கிறதா? இல்லை. அதுபோலத்தான் இதுவும். துளை நகத்தைத் தாண்டியதும் கறுப்பு ரத்தம் வரும். அந்த ரத்தமே சூடான முனையைக் குளிர வைத்துவிடும். அடியில் இருக்கும் சதைக்குச் சூடு போகாது. அந்த நொடியில் டாக்டர் கையை எடுத்துவிடுவார். அழுத்தம் இறங்கும். வலியும் பெரும்பாலும் அங்கேயே இறங்கிவிடும். நடந்து வந்தபோது அழுதவர் திரும்பிப் போகும்போது டீ குடித்துவிட்டுப் போவார்.

அப்படியானால் ஊக்கைக் காய்ச்சி நாமே செய்தால் என்ன?

இங்கேதான் ஆபத்தான பாதி இருக்கிறது. கையை எந்த நொடியில் எடுப்பது என்பது பழகியவருக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. நகம் விடவில்லையே என்று இன்னும் அழுத்துவோம். ஊக்கு சதைக்குள் போய்விடும். வேர்ப் பக்கத்தில் குத்தினால் பிறகு வரும் நகம் கோணலாக வரலாம், பிளந்து வரலாம். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அடியில் எலும்பு உடைந்திருந்தால் நாம் போட்ட துளை வழியாகக் கிருமி எலும்புக்கே போகலாம். எலும்பில் சீழ் பிடித்தால் வாரக்கணக்கில் மருந்து வேண்டும். சில சமயம் நுனியையே எடுக்க வேண்டிவரும். ஒரு நாள் கூலி மிச்சம் என்று நினைத்து ஒரு விரலைக் கொடுப்பது நல்ல கணக்கு இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை யோசிக்கவே கூடாது.

கேஷுவாலிட்டியில்

நம் கிளீனர் பையனை டிரைவர் மறுநாள் காலையில் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இடப்பள்ளியில் இருப்பவர்களுக்குக் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரி பக்கம். மட்டாஞ்சேரிக்காரர்களுக்குக் கருவேலிப்படி தாலுகா ஆஸ்பத்திரி பக்கம். நகரத்துக்குள் எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரி இருக்கிறது.

பையனுக்கு மலையாளம் தெரியாது. நர்ஸிடம் எப்படிச் சொல்வது?

"சேச்சி, விரல்ல அடி. நகத்துக்குள்ள ரத்தம்."

"எப்போழா? இன்னலெயோ?"

"ஆமா சேச்சி, நேத்து சாயந்திரம்."

நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. விரலுக்கு மலையாளத்திலும் விரல்தான். நகத்துக்கும் நகம்தான். வலியை அங்கே வேதனை என்பார்கள். ரத்தத்தைச் சோர என்பார்கள். வீக்கத்தை நீர் என்பார்கள். "விரலுக்கு நீர் உண்டோ?" என்று கேட்டால் தண்ணீரைத் தேட வேண்டாம். வீக்கம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. துளை போட்டார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மெல்லிய கட்டுப் போட்டு அனுப்பினார்கள். துளை ஒன்றிரண்டு நாள் கசியும். அடைக்கக் கூடாது. விரலைத் தண்ணீரில் ஊறவிடக் கூடாது. கட்டு நனைந்தால் மாற்ற வேண்டும். விரல் மேலும் சிவந்தாலோ, சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுபடி போய்க் காட்ட வேண்டும்.

அங்கே ஊசியைப் பற்றியும் கேட்பார்கள். தோல் கிழிந்து அழுக்கும் துருவும் பட்டிருந்தால் ரண ஜன்னி வராமல் ஊசி போடுவார்கள். முன்பு அதை டி.டி. ஊசி என்று சொன்னோம். இப்போது போடுவதில் தொண்டை அடைப்பானுக்கும் மருந்து சேர்ந்திருக்கிறது. அழுக்குக் காயம் என்றால், கடைசியாகப் போட்டு 5 வருடம் ஆகிவிட்டதா என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு சிராய்ப்புக்கும் ஊசி வேண்டும் என்பதில்லை.

தாமதிக்கவே கூடாத சில நிலைகள் உண்டு. நகம் வேரோடு பெயர்ந்து நிற்கிறது. நகத்தைச் சுற்றிச் சதை கிழிந்து பிளந்திருக்கிறது. விரல் கோணலாக இருக்கிறது. நுனி மரத்துப்போய்விட்டது. நுனியை நீட்ட முடியவில்லை, தொங்கிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கடைசி நிலையில் நீட்டும் தசைநாண் அறுந்திருக்கலாம். வலி குறைவாக இருக்கிறதே என்று விட்டால் விரல் நுனி கடைசிவரை மடங்கியே நிற்கும். சீக்கிரம் போனால் பட்டை வைத்துக் கட்டிப் பல வாரத்தில் சரிசெய்யலாம். குழந்தை கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டால் கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். அவர்கள் எலும்பு இன்னும் வளர்கிறது.

நகத்தைப் பிடுங்க வேண்டுமா?

பலருக்கு இந்தப் பயம்தான். நகத்தைப் பிடுங்கிவிடுவார்களோ என்று ஆஸ்பத்திரிக்கே போக மாட்டார்கள். பயத்துக்குக் காரணமும் உண்டு. பாதி நகத்துக்கு மேல் கறுத்திருந்தால் நகத்தை எடுத்து அடியில் தையல் போட வேண்டும் என்றுதான் முன்பு டாக்டர்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1991இல் வந்த ஓர் ஆய்வில் துளை மட்டும் போட்டுப் பல மாதம் கவனித்தார்கள். நகங்கள் நன்றாகவே வளர்ந்தன. 1999இல் குழந்தைகளிடம் இரண்டு வழியையும் ஒப்பிட்டார்கள். நகத்தை எடுத்ததால் தனியாக நன்மை எதுவும் இல்லை. செலவுதான் கூடியது. ஆகவே நகமும் அதன் ஓரங்களும் உடையாமல் இருந்தால் இப்போது பெரும்பாலும் பிடுங்குவதில்லை. அடிபட்ட சதைக்கு நகமே நல்ல மூடி.

நகம் தானாகவே சில வாரத்தில் கழன்று விழலாம். அதற்கும் பயப்பட வேண்டாம். ஆடும் ஓரத்தை வெட்டிவிடுங்கள். இழுக்காதீர்கள். அடியில் புது நகம் வந்துகொண்டிருக்கும்.

விரல் நுனி துண்டாகவே போய்விட்டால்? துண்டைத் தூக்கி எறியாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பையில் வையுங்கள். துண்டு நேராக ஐஸில் படக் கூடாது. தண்ணீரில் மிதக்கவும் கூடாது. நேரம் கடத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லாத் துண்டையும் சேர்க்க முடியாது. எதைச் சேர்க்கலாம் என்று கை அறுவை சிகிச்சை தெரிந்தவர்தான் சொல்ல முடியும். நம் நாட்டில் இது வெளிநாட்டு வித்தை இல்லை. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971இலேயே கைக் காயங்களுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். மெஷினில் கை கொடுத்த எத்தனையோ தொழிலாளிகள் அங்கே வந்திருக்கிறார்கள்.

புது நகம்

கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகம் வர 4 முதல் 6 மாதம் ஆகும். கால் கட்டைவிரல் என்றால் ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். காலில் கல் விழுந்தாலும் மூட்டை விழுந்தாலும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். செருப்பில்லாமல் சுமை தூக்குவது நல்லதில்லை.

கறுப்பு, நகத்தோடு சேர்ந்து முன்னால் நகர வேண்டும். மாதம் ஒருமுறை பாருங்கள். நகத்தின் அடியில் கறுப்புக்குப் பின்னால் தெளிவான புது நகம் தெரிய வேண்டும். அடியே படாமல் கறுப்பு வந்தால், அல்லது கறுப்பு நகராமல் அங்கேயே நின்றால், அல்லது சுற்றியுள்ள தோலுக்குப் பரவினால் டாக்டரிடம் காட்டுங்கள். அது ரத்தம் இல்லாமல் ஒருவகைப் புற்றுநோயாக இருக்கலாம். இது அரிதுதான். ஆனால் விளையாட்டு இல்லை. ஜமைக்கா நாட்டில் பாப் மார்லி என்ற பெரிய பாடகர் இருந்தார். கால் பெருவிரல் நகத்தில் இருந்த புண்ணைப் பந்து விளையாடியதில் பட்ட அடி என்றே நினைத்தார். 1977இல் அது புற்றுநோய் என்று தெரிந்தது. 1981இல் 36 வயதில் இறந்துபோனார்.

ஒரு சீட்டு எழுதுவோம்

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு வலியில் பதில் மறந்துபோகும். போகும் முன்பே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளலாம். அடிபட்டது எழுதும் கை என்றால் கூட வருபவரை எழுதச் சொல்லுங்கள். கிளீனர் பையனுக்கு டிரைவர் எழுதிய சீட்டு இது. இதைப் பார்த்து உங்கள் பெயருக்கு ஒன்று எழுதுங்கள்.

அடிபட்டது: நேற்று, சாயந்திரம் 5 மணி.
எந்த விரல்: வலது கை, நடுவிரல்.
எதனால்: லாரியின் பின்கதவு விழுந்தது.
தோல் கிழிந்ததா: இல்லை.
விரலை நீட்ட முடிகிறதா: முடிகிறது.
கடைசியாக ரண ஜன்னி ஊசி: 3 வருடம் முன்பு, தேனியில்.
சர்க்கரை நோய்: இல்லை.
சாப்பிட்ட மாத்திரை: பாரசிட்டமால் ஒன்று, ராத்திரி 10 மணிக்கு.